பாதி ஈரல் – 14: மாடிக்குத் திரும்பி வந்தவை

துலுக்கானம் கஞ்சி டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். கை டம்ளருக்கு நாலு விரல் தள்ளிப் போய் வெறும் காற்றைப் பிடித்தது.

அவர் மனைவி யுவராணி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடியும் கையை நீட்டினார். இந்தத் தடவை விரல் விளிம்பில் பட்டு, டம்ளர் சாய்ந்து, கஞ்சி ஸ்டூல் முழுக்க ஓடியது.

"இன்னாங்க, டம்ளர் தெரியலயா?"

"தெரியாம இன்னா? ரெண்டு டம்ளர் தெரியுது. எத்த எடுக்கறதுன்னுதான் புரியல."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரித்தால் தலை வலித்தது போலிருக்கிறது, பாதியில் நிறுத்திவிட்டு, நெற்றியில் கட்டியிருந்த துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். விடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் அறையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அடம். மூன்று வாரமாக இதே கூத்து.

யுவராணி துணியை எடுத்து வந்து கஞ்சியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே முடிவு செய்துவிட்டாள். வியாழக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாது. இன்றைக்கே ஆஸ்பத்திரி. இன்றைக்கே உண்மை.

எந்த உண்மை என்பதுதான் சங்கடம்.

ஏழு மாதத்துக்கு முன்னால், ஐம்பது வயது துலுக்கானத்துக்குக் கல்லீரல் மாற்று ஆபரேஷன் நடந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் ஃபிட்டராக இருந்தவர். ஒரு சொட்டு குடித்தவரில்லை. சர்க்கரையும் கொழுப்புமாகச் சேர்ந்து ஈரலைக் கல்லாக்கிவிட்டன. ஆனாலும் கரையான்சாவடியில் பாதிப் பேர் "எம்மாம் குடிச்சிருப்பாரு" என்றுதான் பேசினார்கள். யுவராணியின் ரத்த வகை சேரவில்லை. அவருடைய ஒரே தங்கை அனுசுயா, "என்னோடத எடுங்க" என்று சட்டையை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டாள். அவளுடைய ஈரலில் பாதிக்கு மேல் இப்போது அண்ணன் வயிற்றில் இருக்கிறது.

டிஸ்சார்ஜுக்கு ஒரு வாரம் முன்னால் டாக்டர் ஜமீலா ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னார். வீட்டில் புறா கூடாது.

துலுக்கானத்துக்குப் புறாதான் பைத்தியம். சும்மா வளர்க்கிற புறா இல்லை, பந்தயத்துக்கு விடுகிற ஹோமர். ஓங்கோலில் கூடையைத் திறந்து விட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் கரையான்சாவடி மாடியில் வந்து உட்காரும். அப்படிப் பன்னிரண்டு வைத்திருந்தார். "புறா எச்சம் காஞ்சு தூசியாகும்போது அதுல ஒரு வகைக் காளான் கிருமி இருக்கலாம்மா," என்று டாக்டர் விளக்கினார். "நமக்கெல்லாம் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. இவர் புது ஈரலை உடம்பு தள்ளிவிடாம இருக்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுறார். இவருக்கு நுரையீரல்ல ஏறும், மூளை வரைக்கும் போகும்."

அனுசுயா அதைக் கேட்டுக்கொண்டு வந்து முன்னால் நின்று, பன்னிரண்டையும் மூங்கில் கூடையில் அடைத்து, துலுக்கானத்தின் பந்தயக் கூட்டாளி சந்தோஷ் மூலமாகக் காஞ்சிபுரத்தில் ஒருவருக்குக் கொடுத்தாள். கூண்டையும் பிரித்துப் போட்டாள்.

ஹோமரைக் கொடுப்பதில் ஒரு விதி உண்டு. வளர்ந்த புறாவை வாங்கியவன் அதை ஆயுசுக்கும் வெளியே விடக் கூடாது. அடைத்து வைத்து, அதன் குஞ்சை மட்டும்தான் பறக்கவிட வேண்டும். வளர்ந்ததை விட்டால் பழைய வீட்டுக்குப் போய்விடும். புறா வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. துலுக்கானத்துக்கும் தெரியும். காஞ்சிபுரத்துக்காரருக்குப் போன் பண்ணி, "ஒரு தபா தொறந்து விடுங்க, நைனா" என்று சொன்னவரே அவர்தான்.

பதினெட்டு நாளைக்கு முன்னால் யுவராணி வேலை செய்கிற கம்பெனியில் பாய்லர் ரிப்பேர் என்று மதியமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் துலுக்கானத்தைக் காணோம். மாடிக்கு ஏறிப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பழைய ப்ளைவுட்டைச் சாய்த்துப் பெட்டி மாதிரி ஒன்று. அதற்கு முன்னால் அவர் குந்தி உட்கார்ந்து, கொத்தனார் கரணையால் காய்ந்த எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முகத்தில் மாஸ்க் இல்லை.

"மாஸ்க் எங்க?"

"போட்டா கிட்டக்க வர மாட்டேங்குது யுவா. மொகம் தெரியலன்னா அதுங்களுக்குப் பயம்."

தோளில் ஒன்று, மடியில் ஒன்று. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் வாய் நிறையச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள். அந்தச் சிரிப்பில்தான் அவள் ஏமாந்தாள். திரும்பி வந்த புறாவைத் துரத்துவது பாவம், தண்ணியும் கம்பும் வைத்தே ஆக வேண்டும், அது எங்க அப்பா காலத்துப் பழக்கம் என்றார். அவள் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "அனு கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. என் தல மேல." பண்ணினாள்.

அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் செக்கர். சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தாலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தனியே போட்டுவிடுவாள். சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் பிரிக்க மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டு மாடியில் கண்ணால் பார்த்ததைப் பார்க்காத மாதிரி இறங்கி வந்தாள். தலைவலி அப்போதே ஆரம்பித்திருந்தது. தெருமுனை கிளினிக்கில் சைனஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். அவளும் சைனஸ் என்றே நம்ப ஆசைப்பட்டாள்.

ஆசைப்பட்டதெல்லாம் போதும் என்று துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"கெளம்புங்க. டாக்டரப் பாக்கப் போறோம்."

"வியாழக்கெயமதான செக்கப்பு? இன்னிக்கு இன்னாத்துக்கு?"

"இன்னிக்குத்தான் உங்களுக்கு ரெண்டு டம்ளர் தெரியுது. வியாழக்கெயம நாலு தெரிஞ்சா நான் இன்னா பண்றது?"

அவர் அவளையே பார்த்தார். ஒரு கண் லேசாக மூக்குப் பக்கம் ஒதுங்கி நின்றது. "மாடி மேட்டர வாய் தொறக்காத யுவா. என் தல மேல சத்தியம் பண்ணிக்கீற."

"உங்க தலதான் இப்ப வலிக்குது. சத்தியம் இத்த விட இன்னா பண்ணிடும்?"

பேசிக்கொண்டே அனுசுயாவுக்குப் போன் போட்டாள்.

* * *

அனுசுயா வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டர். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஆட்டோவோடு வந்து இறங்கினாள். அவள் அண்ணனைப் பார்த்தால் "எப்படி இருக்கே" என்று கேட்பதே இல்லை. ஏழு மாதமாக ஒரே கேள்விதான்.

"அண்ணாத்தே, என் ஈரலு எப்டி கீது?"

அவரும் வழக்கமாக, "சௌக்கியமா கீது, உன்ன மாதிரியே கத்திக்கினு கீது" என்பார். இன்றைக்கு ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, வெயிலு ஜாஸ்தியா கீதுல்ல?" என்றார்.

அவர்கள் அம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

அனுசுயா அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.  "சீக்கிரம் போப்பா" என்று யுவராணி டிரைவரை அவசரப்படுத்தினாள். மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டிகள் ஊர்ந்தன. துலுக்கானம் கண்ணை மூடி, தங்கை தோளில் சாய்ந்துகொண்டார். அவள் அவருடைய மாஸ்க்கைச் சரியாக மூக்குக்கு மேலே இழுத்துவிட்டாள்.  இவளிடம் சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று யுவராணி வாயைத் திறந்தாள். வேலப்பன்சாவடி தாண்டும்வரை வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகு அனுசுயா கல்லூரிக்குப் போன் பேச ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டர் ஜமீலா பார்த்த மாத்திரத்தில் உட்காரச் சொல்லவில்லை, படுக்கச் சொன்னார். கண்ணில் டார்ச் அடித்தார். விரலை இரண்டு பக்கமும் நகர்த்தி, "எத்தனை தெரியுது?" என்றார். தாடையை நெஞ்சில் தொடச் சொன்னார். தொட வரவில்லை. சாயந்திரம் காய்ச்சல் வருகிறதா, வாந்தி உண்டா, மாத்திரை விட்டுப் போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வீட்டுல தூசி வேலை ஏதாவது நடந்துதா? செடி, மண்ணு? புறா?"

"அய்ய, புறாவெல்லாம் டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே காஞ்சிபுரத்துக்குக் குடுத்துட்டோம் டாக்டர்," என்று அனுசுயா முந்திக்கொண்டாள். குரலில் பெருமை இருந்தது. "நானே நின்னு எண்ணி அனுப்புனேன். பன்னண்டு."

துலுக்கானம் படுத்தபடியே மனைவியைப் பார்த்தார். பேசாதே என்று கெஞ்சுகிற பார்வை. டாக்டர் மறுபடி பேனாவை எடுத்தார்.

"இல்ல டாக்டர்," என்றாள் யுவராணி. "திரும்பி வந்துருச்சு."



"பன்னண்டுல பதினொண்ணு மாடில கீது. இவருதான் தீனி வைக்கிறாரு. எச்சத்த கரணையால சுரண்டுறாரு. மாஸ்க் போடறதில்ல. எப்பத்துலேந்து நடக்குதுன்னு எனக்குச் சரியா தெரியாது. நான் பாத்தே பதினெட்டு நாளாச்சு."

 வார்த்தை தடுமாறவில்லை. நாலு பேருக்கு நடுவே குறையை எடுத்துக் காட்டுவது அவள் தொழில்தானே.

"பதினெட்டு நாளா?" அனுசுயா எழுந்து நின்றுவிட்டாள். "உனக்குத் தெரிஞ்சே பதினெட்டு நாளா அண்ணி? நேத்து கூட போன்ல பேசினியே. நான் இன்னா, புறாவுக்கா ஈரலு குடுத்தேன்?"

"அனு..."

"வயித்த இங்கேருந்து இங்க கீறுனாங்க. ஒரு கேள்வி கேட்டேனா நானு? ஒரு கேள்வி?" கையால் தன் வயிற்றில் கோடு போட்டுக் காட்டிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

டாக்டர் அவள் போவதைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே நர்ஸிடம் ஒரு சீட்டை நீட்டியிருந்தார். "இதை லேபுக்குப் போன் பண்ணிச் சொல்லு. ஒரு மணி நேரத்துல வேணும்." பிறகு யுவராணியிடம், "எப்படியும் இந்த டெஸ்ட் எடுத்திருப்பேன். ஆனா நீங்க சொன்னதால இதையே முதல்ல எடுக்குறேன்," என்றார்.

* * *

ஒரு மணி நேரம் ஆகவில்லை, நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டது. ரத்தத்தில் அந்தக் காளான் கிருமியின் தடயம் இருந்தது.

"புறாவாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர் ஜமீலா. "இது மண்ணுலயும் மரத்துலயும்கூட இருக்கும். சில பேருக்கு எப்பவோ உள்ள வந்து சும்மா தூங்கிட்டிருக்கும், எதிர்ப்பு சக்தி குறைஞ்சதும் எழுந்துக்கும். ஆனா தினமும் அந்தத் தூசியை மூச்சுல இழுக்கிறது நெருப்புக்குப் பக்கத்துல பெட்ரோல் வைக்கிற வேலை. இப்ப மூளை வரைக்கும் போயிருக்கான்னு பாக்கணும். தலையையும் நெஞ்சையும் ஸ்கேன் எடுத்துட்டு, முதுகுத் தண்டுல ஊசி போட்டுக் கொஞ்சம் தண்ணி எடுக்கணும். சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

ஸ்கேனுக்குத் துலுக்கானம் தலையாட்டினார். முதுகில் ஊசி என்றதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அதெல்லாம் ஆவாது. செந்நீர்குப்பத்துல எங்க கூட வேல செஞ்சவனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க. அதுக்கப்பால கால் வுயுந்து பூச்சு."

"அது வேற ஏதோ நோயா இருந்திருக்கும். இந்த ஊசியால கால் போகாதுங்க," என்றார் டாக்டர்.

"வாணாம் டாக்டர். மாத்திர குடுங்க, திங்கறேன். என்ன ஊட்டுக்கு அனுப்பிடுங்க. அதுங்களுக்கு இன்னிக்குத் தண்ணிகூட வைக்கல."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் யுவராணிக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டாக்டரைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம் குடுங்கம்மா" என்றாள். டாக்டர் வெளியே போகும்வரை காத்திருந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"யோவ்."

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டது இரண்டோ மூன்றோ தடவைதான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"காலையில அனுவ இன்னான்னு கூப்ட்டே, தெரியுமா?"

"அனுன்னுதான்."

"அம்மான்னு கூப்ட்டே. அவ மூஞ்ச நீ பாக்கல. நான் பாத்தேன்." யுவராணி அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். "நான் உன் தல மேல கைய வச்சு சத்தியம் பண்ணேன். அத்த மீறிட்டேன். பாவம்னா என்னோட போவட்டும். உன் புறாவுக்கு நான் தண்ணி வைக்கறேன். ஆனா நாளைக்கு என்னையும் நீ யாரோன்னு நெனச்சுட்டா, எனக்கு யாரு தண்ணி வைப்பா? சொல்லு."

 அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வலியாலா வெட்கத்தாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நேரமில்லை.

"காஞ்சிபுரத்துக்காரர நான்தான் தொறந்து வுடச் சொன்னேன்," என்றார் மெதுவாக. "ஆஸ்பத்திரிலேந்து வந்து வெறும் மாடியப் பாத்தேன். நான் செத்துட்டாப்புல இருந்துச்சு யுவா."

"செத்தாப்புல இருந்துச்சுன்னு சொல்லக்கூட நீ உசுரோட இருக்கணும்."

கையெழுத்துப் பேப்பர் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. கோடு இரண்டாகத் தெரிகிறது என்றார். யுவராணி அவர் விரலைப் பிடித்துச் சரியான கோட்டில் வைத்தாள். துலுக்கானம் என்று கோணல்மாணலாகப் போட்டார்.

மதியம் இரண்டு மணிக்கு அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கி, முதுகில் மரத்துப்போகிற மருந்து போட்டு ஊசியை ஏற்றினார்கள். உள்ளே அழுத்தம் இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு இருந்தது என்றார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை எடுத்தார்கள். லேபில் அதே கிருமி அதிலும் தெரிந்தது.

வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது துலுக்கானம் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை.

"வலி கொறஞ்சிருக்கு யுவா," என்றார் நம்ப முடியாதவர் மாதிரி. "தலையில இருந்த பாறாங்கல்ல எறக்கி வச்சாப்புல கீது."

கதவோரம் அனுசுயா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. மூக்கு சிவந்திருந்தது. அவள் அவளுடைய வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"உன் ஈரலு சௌக்கியமா கீது அனு. அண்ணன்தான் சரியில்ல."

அனுசுயா பக்கத்தில் வந்து, அவர் போர்வையைக் கால்வரை இழுத்து மூடினாள். "கால ஆட்டு பாப்போம்," என்றாள். ஆட்டினார். "வுயுந்து பூச்சுன்னு அலறினியாமே," என்று திட்டிவிட்டு, அங்கேயே அழுதாள்.

டாக்டர் அடுத்த கட்டத்தைச் சொன்னார். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலேயே ஊசி மருந்து. அது கிட்னியைத் தொந்தரவு செய்யலாம், தினமும் ரத்தம் பார்ப்பார்கள். தலையில் அழுத்தம் ஏறினால் மறுபடி முதுகில் தண்ணீர் எடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் மாத்திரை. அந்த மாத்திரை, ஈரலுக்காகச் சாப்பிடுகிற மாத்திரையின் வேகத்தை ஏற்றிவிடும், அதனால் அதன் அளவைக் குறைத்துக் குறைத்துப் பார்க்க வேண்டும். அதிகமாகக் குறைத்தால் உடம்பு ஈரலைத் தள்ளப் பார்க்கும்.

"கயிறு மேல நடக்குற மாதிரிதான். ஆனா நடக்கலாம்," என்றார். "இன்னொண்ணு. நெஞ்சு ஸ்கேன்ல நுரையீரல்ல ஒரு பொட்டு தெரியுது. அதுவும் இதே கிருமியா, வேற ஏதாவதான்னு நாளைக்குப் பாத்துச் சொல்றேன். இவர் வீட்டுக்கு வர்றதுக்குள்ள மாடி சுத்தமா இருக்கணும். உலர்ந்த எச்சத்தைப் பெருக்காதீங்க. நல்லா நனைச்சு, மாஸ்க் போட்டு எடுங்க."

"இன்னிக்கே எடுத்துடறோம்," என்றாள் யுவராணி.

அனுசுயா அவளைப் பார்க்காமல், "நானும் வரேன்," என்றாள்.

* * *

வெயில் தாழ ஆரம்பித்த நேரத்தில் இரண்டு பேரும் மாடியில் இருந்தார்கள். துலுக்கானத்துக்குத் துணையாக யுவராணியின் தம்பி பரத் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தான்.

சந்தோஷ் முன்னதாகவே வந்து, ப்ளைவுட் பெட்டிக்குள் அடைந்திருந்தவற்றைக் கூடையில் ஏற்றினான். தலை நிமிரவில்லை. "காஞ்சிபுரத்துக்காரர் கிட்ட நானே பேசறேன் அண்ணி," என்றான். "இந்தத் தபா கூண்டத் தொறந்தா, பந்தயத்துல அவரு புறாவ யாரும் சேத்துக்க மாட்டோம். சத்தியமா." சத்தியம் என்ற வார்த்தையைக் கேட்டு யுவராணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் கூடையை வண்டியில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

கூடையில் போனது பத்து.

தொட்டியிலிருந்து ஹோஸ் பைப் போட்டு எச்சத்தை ஊற வைத்தார்கள். ப்ளீச்சிங் கரைத்து ஊற்றினார்கள். இரண்டு பேர் முகத்திலும் டாக்டர் கொடுத்த கனமான மாஸ்க். ஊறியதை வழித்துப் பையில் போட்டு, பையை இன்னொரு பையில் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். பெட்டியை உடைத்தார்கள். 

கடைசியில் அனுசுயாதான் பேச்சை ஆரம்பித்தாள். "ஏன் அண்ணி சொல்லல?"

"அவரு சிரிச்சாரு. ஏழு மாசம் கழிச்சு."

"சிரிச்சாரா?"

"உனக்கு எப்டி சொல்றதுன்னு தெரியல அனு. ஈரலு குடுத்தவ நீ. சிரிப்பு குடுத்தது அதுங்க. எனக்கு ரெண்டும் வேணும்னு இருந்துச்சு. அதான் தப்பு பண்ணிட்டேன்."

அனுசுயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அண்ணன் மேல இருந்த கோவம் மதியமே பூச்சு. உன் மேல இன்னும் போவல. பொய் சொல்ல மாட்டேன்."

"போவறப்போ போவட்டும்."

அப்போதுதான் அது வந்தது. பூந்தமல்லிப் பக்கமிருந்து தாழப் பறந்து வந்து, தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஈரமான கைப்பிடிச் சுவரில் இறங்கியது. சாம்பல் உடம்பு, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை, காலில் நீல வளையம். துலுக்கானம் தோளிலேயே உட்கார வைத்துக்கொள்கிற பெட்டை. உடைந்து கிடந்த பலகைகளைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது.

"பதினோராவது," என்றாள் யுவராணி.

அனுசுயா தன்னை மறந்து, "மூச்சு வாங்குது பாரு. தண்ணி வை அண்ணி," என்றாள். புறா வளர்த்த வீட்டில் பிறந்தவள். வாய் பழக்கம் அது. சொன்ன பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

யுவராணி மெதுவாகக் கையை நீட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள். புறா மூன்று எட்டுப் பின்னால் போனது.

"மாஸ்க்கப் பாத்து பயப்படுது," என்றாள் அனுசுயா. "கழட்டினா கையில வந்து உக்காந்துரும். புடிச்சுடலாம்."

யுவராணியின் கை காதருகே மாஸ்க் வார் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. இப்படித்தானே அவரும் கழற்றினார். ஒரு நிமிஷம்தானே, முகம் தெரிந்தால் வருமே என்று. அவள் கையை இறக்கினாள். உடைந்த தகரத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துத் துடைப்பக் கட்டையால் ஓங்கி அடித்தாள்.

புறா விர்ரென்று எழும்பியது. வானத்தில் ஒரு வட்டம் போட்டு, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

மறுபடி அடித்தாள். மறுபடி போனது, மறுபடி வந்தது. இருபத்து மூன்று வருஷமாகத் திரும்பி வந்த புறாவுக்கு இந்த மாடியில் கம்புத் தீனி வைத்தவள் அவளும்தான். கண்ணீர் மாஸ்க்குக்குள் இறங்கி உப்புக் கரித்தது. நாலாவது தடவை அடித்தபோது தகரம் நெளிந்தது. புறா இந்தத் தடவை இறங்கவில்லை. உயர ஏறி, கரையான்சாவடிக் கடைத் தெருவுக்கு மேலே போய், பார்வைக்குத் தப்பியது.

"நாளைக்கும் வரும் அண்ணி," என்றாள் அனுசுயா. "ஓங்கோல்லேந்து வந்த புறா. இத்தினியூண்டு சத்தத்துக்கா பயப்படும்?"

யுவராணி நெளிந்த தகரத்தைக் காலால் மிதித்து நேராக்கி, தொட்டி மேல் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

"வரட்டும். நானும் வருவேன்."